அரைக்கம்பத்தில் ஒரு ராஜா

மார்ஹோல்ம் தீவில் ராஜா ஐந்தாம் வால்டெமார், டென்மார்க்கின் மற்ற பகுதிகளில் இறப்பதற்குப் பதினோரு வருஷமும் நாலு மாதமும் முன்னதாகவே இறந்துபோனார். அன்று வியாழக்கிழமை, மார்ச் மாதம், காலை பத்தேகால் மணி. தென்மேற்கிலிருந்து மிதமான காற்று. ஹெர்ரிங் மீன் பெட்டி ஒன்பது குரோனருக்குப் போய்க்கொண்டிருந்தது. ராஜாவைச் சாகடித்தவர் துறைமுக அதிகாரி லாவ்ரிட்ஸ் குவிஸ்ட். அதற்கு அவர் கையாண்டது விரல் தடிமனுள்ள ஒரு சணல் கயிறு.

குவிஸ்ட் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கொடிக்கம்பம் உண்டு. பிறந்தநாள், ஞானஸ்நானம், கல்யாணம், மகன் கப்பலிலிருந்து திரும்பிய நாள் என்று எதற்கும் கொடி ஏறும், சூரியன் மறைவதற்குள் இறங்கும். இருட்டிய பிறகும் பறக்கும் கொடி சாத்தானுக்காகப் பறக்கிறது என்பார்கள்; அப்படி விட்டுவைத்த வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். வீட்டுக் கொடிகள் எல்லாம் ஓரம் நேராக வெட்டியவை. ஓரம் இரண்டு வாலாகப் பிளந்த கொடி அரண்மனைக்கும் அரசாங்கத்துக்கும் மட்டுமே உரியது. தனியார் ஒருவர் அதை ஏற்ற வேண்டுமென்றால் ராஜா கைப்பட எழுதித் தர வேண்டும். லாவ்ரிட்ஸின் பாட்டனாரின் தகப்பனார், பனிமூட்டத்தில் தரைதட்டவிருந்த ராஜாவின் கப்பலை இடுப்பளவு தண்ணீரில் நின்று வடத்தைப் பிடித்து நிறுத்தியவர். அதற்காகக் கிடைத்தது இரட்டைவால் உரிமை. அன்று முதல் மார்ஹோல்மில் ஒரு வழக்கம் நிலைத்தது. துக்கக் கொடியானாலும் விழாக் கொடியானாலும் துறைமுகத்தில் குவிஸ்ட் கொடி அசைந்த பிறகுதான் மற்ற நாற்பது வீடுகளின் கொடிகளும் அசையும். சட்டத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் யாரும் அதை மீறியதும் இல்லை.

முந்தைய ராஜா இறந்தது ஒரு பிப்ரவரியில். கடல் உறைந்து, தந்திக் கம்பி பனிக்கட்டியின் பாரத்தில் அறுந்து, செய்தி மார்ஹோல்முக்கு வந்து சேர நாலு நாளாயிற்று. அந்த நாலு நாளின் மூன்றாம் நாள் லாவ்ரிட்ஸின் தகப்பனாருக்கு அறுபது வயது நிறைந்தது. நாற்பத்தொரு கம்பத்திலும் கொடிகள் உச்சியில் பறந்தன. இடையிலிருந்த கடல் கால்வாய்க்கு அப்பால் பிர்க்கே தீவுக்காரர்கள், கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கிவிட்டு, கையைப் புருவத்தின் மேல் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா செத்ததற்கு கேக் வெட்டிய ஊர் என்ற பெயர் மார்ஹோல்முக்கு வந்தது அப்போதுதான். தகப்பனார் அதன் பிறகு பிர்க்கே பக்கம் போகவே இல்லை. பல் வலி வந்தபோதும் போகவில்லை; அங்கேதான் பல் வைத்தியர் இருந்தார். இரண்டு வருஷத்தில் காலமானார். அவருடைய பதவியும் கொடியும் அவமானமும் லாவ்ரிட்ஸுக்கு வந்தன.

அந்த மார்ச் மாதத்தில் ராஜா வால்டெமாருக்கு ஜலதோஷம் என்று செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில் வந்தது. புதன்கிழமை, ஓய்வெடுக்கிறார் என்று வந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வானொலியில் மீன் விலையும் உடற்பயிற்சியும் வர வேண்டிய நேரத்தில் சாவுக்குப் போடுவதுபோல மெதுவான ஆர்கன் இசை ஒலித்தது. ஒன்பது மணிக்கும் அதுவே. பத்து மணிக்கும் அதுவே. அறிவிப்பாளர் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையே லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்பதும், கையில் கிடைத்த ஒரே இசைத்தட்டைப் பணியாளர் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் மறுநாள்தான் தெரியவந்தது. தீவுக்காரர்கள் அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு ஒவ்வொருவராகத் துறைமுகத்துக்கு வந்து, கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

லாவ்ரிட்ஸ் தொலைநோக்கியை எடுத்து பிர்க்கேயைப் பார்த்தார். அங்கே கம்பத்தடியில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன் நாய்க்காகக் காத்து நின்றவன் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் கணத்தில் லாவ்ரிட்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் பிர்க்கே முந்திக்கொள்ளப் போகிறது என்பதுதான். அவர் கயிற்றை அவிழ்த்தார். மீன்பிடிப் படகு வைத்திருந்த யெப்பே பக்கத்தில் வந்து கேட்டார்.

"செய்தி ஏதாச்சும் வந்துச்சா, லாவ்ரிட்ஸ்?"

"தந்தி வந்துச்சு," என்றார் லாவ்ரிட்ஸ்.

தந்தி எதுவும் வரவில்லை. தீவின் தபால் தந்தி அலுவலகம் குவிஸ்ட் வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. அதை நடத்தியவர் அவருடைய தங்கை டாக்மார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், அண்ணனைவிட ஐந்து வயது இளையவர். அந்த நேரத்தில் அவர் உள்ளே தபால்தலைகளைக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தார். லாவ்ரிட்ஸ் முறைப்படி கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்கி, கயிற்றைக் கட்டினார். தொப்பியை எடுத்தார். கால் மணி நேரத்தில் நாற்பது வீட்டிலும் கொடிகள் அரைக்கம்பத்துக்கு வந்தன. பிர்க்கேயை முந்திவிட்டோம் என்ற திருப்தி அவர் நெஞ்சில் பதினொன்றரை மணிவரை இருந்தது. பதினொன்றரைக்கு வானொலியில் அறிவிப்பாளரின் குரல் வந்தது. ஹெர்ரிங் விலை சொன்னார். ராஜா உடல்நலம் தேறி விலாங்கு மீன் சூப் இரண்டு கிண்ணம் அருந்தினார் என்றும் சொன்னார்.

எல்லோரும் அவரவர் கம்பத்துக்கு ஓடினார்கள். கயிறுகள் வந்தன, கப்பிகள் சுழன்றன, கொடிகள் அசையவில்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கயிறு முழுவதும் உருவிக் கையோடு வந்த பிறகும் கொடி அதே உயரத்தில் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. சூரியன் மறைந்தது. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு, வெளியே இருட்டில் துணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி சாப்பிட்டார்கள். மறுநாள் யெப்பே பொறுமையிழந்து தம்முடைய கம்பத்தை அடியோடு ரம்பத்தால் அறுத்தார். கம்பம் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. கொடி இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பம் இல்லாத கொடி, கால்சட்டை இல்லாமல் தெருவில் நிற்கிற ஆளைப்போல இருக்கிறது என்று அவர் மனைவி கிர்ஸ்டீன சொன்னதால், அதே கம்பத்துக்கு இரும்புப் பட்டை அடித்து மறுபடி நட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசிக்குள், மார்ஹோல்மில் ராஜா முழுமையாக இறந்துவிட்டார் என்பது தெளிவாகிவிட்டது. நாணயங்களில் அவர் கண்களை மூடிக்கொண்டார். அதே நாணயத்தைப் படகில் கொண்டுபோனால், கால்வாயின் நடுவே மிதக்கும் சிவப்பு மிதவையைத் தாண்டியதும் கண்ணைத் திறந்தார். பள்ளிக்கூடத்துப் படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையில் ராஜாவின் நலனுக்காக வேண்டும் இடத்துக்கு வந்தபோது குரல் வெளிவராமல் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த வரியில் குரல் திரும்பியது. வாத்து திருடிய ஒருவனுக்கு ராஜாவின் பெயரால் தீர்ப்பு வாசிக்க வந்த நீதிபதிக்கும் அதேதான் நடந்தது. அவர் திருடனைப் படகில் ஏற்றி மிதவைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

ராஜா இல்லாமல் எதெல்லாம் நின்றுபோகிறது என்று மக்கள் கவனித்தார்கள். படகு நேரத்துக்கு வந்தது. வரி நோட்டீஸும் நேரத்துக்கு வந்தது. பசுக்கள் கன்று போட்டன. பெட்ராவின் கடையில் நாள்தோறும் இதே பேச்சுத்தான். பிர்க்கே படகோட்டி ஓலுஃப் சரக்கு இறக்க வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான்.

"என்ன பெட்ரா, உங்க ராஜா இன்னும் செத்துக்கிட்டேதான் இருக்காரா?"

"எங்க ராஜா செத்து நிம்மதியா இருக்காரு. உங்க ராஜாவுக்குத்தான் வாரம் ஒரு ஜலதோஷம்," என்பார் பெட்ரா.

"கேக் கீக் வெட்டலயா இந்தத் தடவை?"

"வெட்டினோம். உனக்குத் துண்டு மிச்சம் வைக்கல. மாவு மூட்டையை இறக்குடா முதல்ல."

லாவ்ரிட்ஸ் கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஓலுஃப்கூடத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லுவான். அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஏப்ரலில் தந்தி இலாகாவிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். இப்படி ஒரு தந்தி எங்கிருந்தும் அனுப்பப்படவில்லை, பிறகு எப்படி இங்கே வந்தது என்பது அவர் கேள்வி. முன்னறையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். டாக்மார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரிலிருந்த காற்றழுத்தமானியைப் பார்த்தார். அது நல்ல வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. டாக்மார் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, தந்தி வந்ததாகச் சொன்னது தான்தான் என்றும், தவறு தன்னுடையதே என்றும் சொன்னார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மே மாதம் முதல் தேதி வாசலிலிருந்த பித்தளைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாக இருந்தது. ஐம்பத்தொரு வயதில் டாக்மார், பெட்ராவின் மீன் கொட்டகையில் ஹெர்ரிங் குடல் எடுக்கப் போனார்.

லாவ்ரிட்ஸ் கெட்டவர் அல்ல. வீட்டின் மானம் காப்பாற்றப்பட்டது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவர் உண்மையைச் சொன்னால் இரட்டைவால் உரிமை போய்விடும். நூற்றுச் சொச்சம் வருஷத்துப் பெருமை, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று சம்பாதித்தது, ஒரு பொய்யனோடு முடிந்துவிடும். தங்கையும் இந்த வீட்டைச் சேர்ந்தவள்தானே, வீட்டுக்காகத்தானே தாங்குகிறாள் என்றும் சொல்லிக்கொண்டார். சொல்லும்போதெல்லாம் காது சூடாகும். ஒவ்வொரு மாலையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி சாப்பிட்டார்கள். டாக்மாரின் விரல் வெடிப்புகளில் உப்பு ஏறி, ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது அவர் முகம் லேசாகச் சுருங்கும். லாவ்ரிட்ஸ் அப்போதெல்லாம் தட்டைப் பார்ப்பார். தலைநிமிர்ந்து நடக்கும் அவருடைய நடையில் ஒரு மாற்றமும் இல்லை. முதுகு இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் தம் கொடிக்கம்பத்துக்குக் கீழே போகும்போது மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்.

நாலாம் வருஷம் யெப்பேவுக்கும் கிர்ஸ்டீனவுக்கும் ஐம்பதாவது கல்யாண நாள் வந்தது. அந்த நாட்டில் ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ராஜா கையெழுத்திட்ட வாழ்த்து வரும். கண்ணாடிச் சட்டத்தை முன்கூட்டியே வாங்கி, ஆணியும் அடித்து வைத்திருந்தார் கிர்ஸ்டீன. உறை வந்தது, முத்திரை இருந்தது, உள்ளே இருந்தது வெற்றுத்தாள். பிர்க்கேயில் பிரித்துப் பார்த்தபோது எழுத்து இருந்ததாகவும், மிதவையைத் தாண்டும்போது எறும்பு வரிசை கலைவதுபோலக் கலைந்து போனதாகவும் ஓலுஃப் சொன்னான். கிர்ஸ்டீன அழவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு படகில் ஏறி, மிதவைக்கு அந்தப் பக்கம் போய், கண்ணாடி போட்டு மூன்று வரியையும் வாசித்துவிட்டு, அதே படகில் திரும்பினார். ஓலுஃப் அவரிடம் பயணக் கட்டணம் வாங்கவில்லை. அதைப் பற்றிக் கேலியும் பேசவில்லை. துறைமுகத்தில் வடத்தைப் பிடித்துப் படகைக் கட்டுவது லாவ்ரிட்ஸின் வேலை. ஒவ்வொரு புதன்கிழமையும் கிர்ஸ்டீன இறங்குவதற்குக் கை கொடுத்தது அவர்தான். "நல்லா வாசிச்சேன் இன்னிக்கு, வெளிச்சம் நல்லாயிருந்துச்சு," என்பார் கிர்ஸ்டீன.

ஆறாம் வருஷம் கோடையில் ராஜா நேரில் வந்தார். வரக்கூடாது என்று மூன்று மந்திரிகள் தடுத்தார்கள். ராஜா நாட்டின் ஒரு பகுதியில் மட்டும் இறந்திருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமா என்று ஒரு குழு ஆராய்ந்து, மற்ற பகுதிகளுக்குப் பாதகமில்லாதவரை ஆட்சேபமில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தது. அவர் ஒரு சிறிய படகில், ஒரே ஒரு உதவியாளரோடு வந்தார். மிதவையைத் தாண்டியதும் படகு தண்ணீரில் சற்று மேலெழுந்தது. கனத்த உடம்புக்காரரான ராஜாவுக்கு எடையில்லாமல் போயிருந்தது. மணலில் அவர் கால்தடம் பதியவில்லை. தீவுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கைதட்டவில்லை, வாழ்க என்று கத்தவில்லை. சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோலத் தொப்பியை மார்பில் வைத்துத் தலைகுனிந்து நின்றார்கள். ராஜா அந்த மௌனத்தின் நடுவே, பழகாத சந்தோஷத்தோடு இரண்டு பக்கமும் பார்த்தபடி நடந்து, குவிஸ்ட் வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிடவில்லை.

டாக்மார் காப்பி ஊற்றினார், பாதாம் பணியாரம் வைத்தார். ராஜா கோப்பையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பணியாரத்தை வருத்தத்தோடு பார்த்தார்.

"எவ்வளவு நேரத்துல நம்பினாங்க?" என்று லாவ்ரிட்ஸிடம் கேட்டார்.

"கால் மணி நேரம், மகாராஜா. நாற்பது வீடு."

"கால் மணி நேரமா!" ராஜா சிரித்தார். "என் பேச்சை நாற்பது வீடு கால் மணி நேரத்துல கேட்டதா சரித்திரமே இல்ல. போன வருஷம் தோட்டத்துல ஒரு ஆப்பிள் மரத்தை வெட்டாதீங்கன்னு சொன்னேன். கமிட்டி போட்டு வெட்டிட்டாங்க."

"உத்தரவுல கையெழுத்து மகாராஜாதானே போடணும்?" என்றார் டாக்மார்.

"வெட்டுற உத்தரவுல போட்டதும் நான்தாம்மா. வந்த காகிதத்துல போடுறதுதானே என் வேலை." அவர் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தார். "நீங்க ஒரு கயித்தை இழுத்தீங்க, நான் செத்தேன். அதிகாரம்னா அது. அந்தத் தந்தி இருக்கா, குவிஸ்ட்? என்னைக் கொன்ன காகிதத்தைப் பாக்கணும்னு ஆசை. சட்டம் போட்டு மாட்டலாம்னு இருக்கேன்."

காப்பி ஆவி மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. லாவ்ரிட்ஸ் வாயைத் திறந்தார். காற்றழுத்தமானி எதிரேதான் இருந்தது. இந்தத் தடவை அவர் அதைப் பார்க்கவில்லை. தம் முழங்காலைப் பார்த்தார்.

"எரிச்சுட்டேன், மகாராஜா," என்றார் டாக்மார். "பயத்துல. தந்தி ஆபீஸ்ல இருந்தது நான்தான்."

ராஜா அவருடைய கைகளைப் பார்த்தார். "உங்களுக்கு வேலை போச்சுன்னு சொன்னாங்க. திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதட்டுமா?" என்றவர், சற்று யோசித்து, "இங்க என் எழுத்து நிக்காதுல்ல," என்றார்.

"பரவால்ல, மகாராஜா. மீனுக்குக் கையெழுத்து வேணாம்."

ராஜா விடைபெற்றுப் போனார். மிதவையைத் தாண்டியதும் படகு ஒரு சாண் அமிழ்ந்ததைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். டாக்மார் கட்டிக்கொடுத்த பணியாரங்களை எல்லாம் அவர் அங்கேயே நின்று சாப்பிட்டதாக உதவியாளர் பிறகு சொன்னார். டாக்மார் யாரும் குடிக்காத கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?" என்றார் லாவ்ரிட்ஸ்.

"நீ சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன், அண்ணா. ஆறு வருஷம். தினமும் சாப்பிடும்போது ரெண்டு நிமிஷம் பேசாம இருப்பேன், கவனிச்சியா? உனக்காகத்தான். இன்னிக்கு ராஜாவே வந்து கேட்டாரு. அவருக்கும் நீ சொல்லல. இதுக்கு மேல யாரு வந்து கேக்கணும்?"

டாக்மார் ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் பெட்ராவின் கடைமாடிக்குக் குடிபோனார். சத்தம் போடவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போனார். லாவ்ரிட்ஸ் அன்று மேசையில் இரண்டு தட்டு வைத்தார். பழக்கம்தான் காரணம். எதிர்த் தட்டை எடுக்கவும் தோன்றாமல், சாப்பிடவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். தகப்பனார் பல் வலியோடு உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அவமானத்தைத் தகப்பனார் தாமே வைத்துக்கொண்டார், யார் மேலும் தள்ளிவிடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் எழப்போகும்போது லாவ்ரிட்ஸ் முன் பெஞ்சில், குவிஸ்ட் குடும்பத்துக்கென்று விட்டிருக்கும் இடத்தில், எழுந்து நின்று திரும்பினார். கையில் தொப்பி இருந்தது.

"தந்தி வரல. எந்தத் தந்தியும் வரல. பிர்க்கேக்காரன் முந்திடுவான்னு நான்தான் பொய் சொன்னேன். டாக்மார் மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் எதிர்பார்த்திருந்த முணுமுணுப்பு எழவில்லை. கடைசியில் கிர்ஸ்டீனதான் பேசினார்.

"தெரியும், லாவ்ரிட்ஸ். தந்தி வந்தா டாக்மார் வீடு வீடா சைக்கிள்ல வருவா. அன்னிக்கு அந்த சைக்கிள் சுவத்துல சாஞ்சபடியே இருந்துச்சு. நாங்க எல்லாருமே பாத்தோம்."

"அப்ப... ஏன் யாரும் சொல்லல?"

யெப்பே தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்டுக் கயித்தை நாங்கதானே இழுத்தோம்," என்றார். "ஆய்வாளர் வந்தப்ப வாயைத் தொறந்தா எங்களையும் கேப்பாங்களே. ஒரு பொம்பள வேலை போறதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம்."

டாக்மார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது குடும்பங்களும் அவர் பக்கம் திரும்பின. அந்த நேரத்தில் அவரைப் பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ஆகவே எல்லோரும் அவர் காலணிகளைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதல் ஆளாக வெளியே போனார்.

அன்று சூரியன் மறையும்போது நாற்பது கொடிகள், யாரும் கயிற்றைத் தொடாமலே, மெதுவாக இறங்கின. வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, தரையில் படாமல் கைகளில் ஏந்தி, மடித்து உள்ளே கொண்டுபோனார்கள். யாரும் பக்கத்து வீட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை நாணயங்களில் ராஜா கண் விழித்திருந்தார். பள்ளிக்கூட நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். கிர்ஸ்டீன வீட்டு வெற்றுத்தாளில் மூன்று வரியும் கையெழுத்தும் வந்து நின்றன. அவர் சட்டம் போட்டு ஆணியில் மாட்டினார். ஆனாலும் சில புதன்கிழமைகளில் படகில் ஏறத்தான் செய்தார். வாசிக்க அங்கேதான் வெளிச்சம் வசதி என்றார்.

குவிஸ்ட் கொடி மட்டும் இறங்கவில்லை. அந்த வீட்டு வேலிக்குள் ராஜா இறந்தபடியே இருந்தார். லாவ்ரிட்ஸ் கடையில் வாங்கிய மிச்சச் சில்லறை அவர் வாசற்கதவைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டது. அவர் இரட்டைவால் உரிமையைத் திருப்பித் தருவதாக அமைச்சகத்துக்கு எழுதினார். பறந்துகொண்டிருக்கும் கொடியை ஒப்படைக்க விதியில் இடமில்லை, இறக்கிய பிறகு விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. தந்தி இலாகா டாக்மாருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. அலுவலகம் பெட்ராவின் கடைக்குப் பக்கத்து அறைக்கு மாறியது; டாக்மார் மாடியிலேயே இருந்துகொண்டார். வழியில் அண்ணனைப் பார்த்தால் நின்று, உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்பார். அண்ணன் நன்றாக இருக்கிறது என்பார். மன்னித்தாரா என்று கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்பது லாவ்ரிட்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, ஜூலை மாதத்தில், ராஜா வால்டெமார் மற்ற எல்லா இடங்களிலும் இறந்தார். டாக்மார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் அண்ணன் வீட்டுக்கு வந்து, வாசலுக்கு வெளியே நின்று தந்தியை நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

"எனக்குத்தான் தெரியுமே," என்றார் லாவ்ரிட்ஸ்.

"தெரியட்டும். இந்தத் தடவை எல்லாம் முறையா இருக்கட்டும்."

அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். கையெழுத்துப் போட்டார். குவிஸ்ட் என்ற பெயர் கோணலாக விழுந்தது. டாக்மார் அதைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். நாற்பது வீட்டுக்காரர்களும் கயிற்றைப் பிடித்தபடி துறைமுகத்துக் கம்பத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அது ஏற்கனவே அரைக்கம்பத்தில் இருந்ததால் எப்போது தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்மார் சைக்கிளிலிருந்து இறங்கித் தலையசைத்தார். கொடிகள் உச்சிவரை ஏறி, பாதிக்கு இறங்கின. அன்றைக்குப் பிறகு அவர் தலையசைப்புக்காகக் காத்திருப்பதே வழக்கமாயிற்று. அதையும் எந்தச் சட்டத்திலும் யாரும் எழுதவில்லை.

அடக்கம் முடிந்து நாடெங்கும் கொடிகள் உச்சிக்கு ஏறின. புது ராஜா வந்தார். அவர் முகம் போட்ட நாணயங்கள் குவிஸ்ட் வீட்டுக்குள்ளும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. கொடி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. லாவ்ரிட்ஸ் இன்னும் மூன்று குளிர்காலம் வாழ்ந்தார். அவர் இறந்த அன்று துறைமுகத்துக்கு வந்தவர்கள் பழக்கத்தில் மேலே பார்த்தார்கள். அவருக்காக எதையும் இறக்க வேண்டியிருக்கவில்லை. டாக்மார் கம்பத்தடியில் நின்று, பொத்தான்களை எல்லாம் போட்ட கறுப்புக் கோட்டில், எல்லோரும் வந்து சேரும்வரை அசையாமல் இருந்தார். பிறகு சவப்பெட்டியின் பின்னால் நடந்தார்.

கடல் அளவையர்கள் தங்கள் வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்திருக்கிறார்கள்: நிலையான அடையாளம், பாதி உயரத்தில் கொடி, இரவிலும் உண்டு. மூடுபனியில் வரும் படகுகள் அதை வைத்தே திசை பிடிக்கின்றன. துணி கிழிவதில்லை, சாயமும் போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை துறைமுக ஆட்கள் ஏணி போட்டுக் கம்பத்துக்கு வெள்ளைச் சாயம் அடிக்கிறார்கள். கொடி இருக்கும் இடம் வந்ததும் தூரிகையைச் சற்று விலக்கி, அதைச் சுற்றி அடித்துக்கொண்டு மேலே போகிறார்கள்.